சிலம்பை உடைத்தால்தான் தெரியும்

தமிழில் மிகவும் பெயர்பெற்ற வழக்கு எது என்று கேட்டால், பெரும்பாலோர் கோவலன் வழக்கைத்தான் சொல்வார்கள். பள்ளியில் படித்திருப்போம். மேடை நாடகமாகப் பார்த்திருப்போம். கண்ணகியா மாதவியா என்று பட்டிமன்றத்தில் கைதட்டியிருப்போம். ஆனால் அந்தக் கதையைத் தருக்கப் பாடமாக யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. இந்த வாரம் அப்படிப் படித்துப் பார்ப்போமா?

தருக்கம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் தினமும் செய்கிற வேலைதான் அது. புலனத்தில் வந்த செய்தியை நம்பலாமா, மகனைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா, நண்பர் சொல்லும் முதலீட்டில் பணம் போடுவதா என்று யோசிக்கும்போதெல்லாம் தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்குத் தாவுகிறோம். அந்தத் தாவல் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் தருக்கம்.

மன்னன் செய்த கணக்கு

பாண்டியன் நெடுஞ்செழியன் மனத்தில் ஓடியதை மூன்று வரியில் எழுதலாம்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் கையில் அந்த மாதிரிச் சிலம்பு இருக்கும்.
இவன் கையில் அந்த மாதிரிச் சிலம்பு இருக்கிறது.
ஆகவே இவன்தான் திருடன்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது அதே அச்சில் வேறொன்றை வார்ப்போம். மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது. ஆகவே மழை பெய்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரைக் கழுவியிருந்தாலும் வாசல் நனையும் அல்லவா? மழை பெய்தால் நனையும் என்பது உண்மை. நனைந்திருந்தால் மழைதான் என்பது உண்மையில்லை. ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் வண்டி ஓட்டுவது போன்ற தவறு இது.

அதே பாதையில் சரியான திசையும் உண்டு. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் காய்ந்து கிடக்கிறது. ஆகவே மழை பெய்யவில்லை. இதில் ஓட்டை இல்லை. ஒரே முதல் வரியிலிருந்து ஒரு முடிவு நிற்கிறது, இன்னொன்று விழுகிறது. வேறுபாடு சொற்களில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது.

வடிவம் மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. எல்லாச் செம்பனை மரங்களும் பேசும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்பது செம்பனை. ஆகவே அது பேசும். வடிவத்தில் குற்றமே இல்லை. முதல் வரிதான் பொய். எனவே எந்த வாதத்தைக் கேட்டாலும் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சொன்ன காரணங்கள் உண்மையா? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அவற்றிலிருந்து அந்த முடிவு வருகிறதா? நம் வீட்டுச் சண்டைகள் பாதி நீள்வதற்குக் காரணம், ஒருவர் முதல் கேள்வியைப் பேசும்போது மற்றவர் இரண்டாவதைப் பேசிக்கொண்டிருப்பதுதான்.

மன்னனின் தவறு பழங்கதை என்று நினைக்காதீர்கள். குண்டர் கும்பலில் இருப்பவர்கள் பச்சை குத்தியிருப்பார்கள். இந்தப் பையன் பச்சை குத்தியிருக்கிறான். ஆகவே இவனும் அந்த ஆள்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போதும், வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும்போதும் நம் இளைஞர்கள் பலர் இந்த மூன்று வரிக் கணக்கில் கோவலன்களாக நிற்கிறார்கள். அடுத்தவர் நம்மைப் பற்றிப் போடும்போது கோபம் வருகிறது. வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி நாமே போடும்போது அது அனுபவம் என்று தோன்றுகிறது. கணக்கு இரண்டிலும் ஒன்றுதான்.

பொற்கொல்லனின் சாமர்த்தியம்

மன்னனைவிடத் தேர்ந்த வாதக்காரன் ஒருவன் அந்தக் கதையில் இருக்கிறான். பொற்கொல்லன்தான். காவலர்களில் ஒருவன் கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் முகத்தில் திருட்டுக் களை இல்லையே, கொல்லப்பட வேண்டியவனாகத் தெரியவில்லையே என்கிறான். நியாயமான சந்தேகம். பொற்கொல்லன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்துவிட்டு, கள்வர் நூல் படித்தவன்போல மந்திரம், மருந்து, தந்திரம் என்று திருடர்களுக்குத் துணையாகும் எட்டு வழிகளை அடுக்கினான். நல்லவனாகத் தெரிவதே திருடனின் திறமை என்று கதையைத் திருப்பிவிட்டான்.

இந்த வாதத்தின் விஷத்தைக் கவனியுங்கள். கோவலன் திருடன் மாதிரி இருந்தால் திருடன். திருடன் மாதிரி இல்லாவிட்டால் பெரிய திருடன். அவனைக் குற்றமற்றவன் என்று காட்டக்கூடிய சான்று என்று எதுவுமே மிச்சம் இல்லை. எதனாலும் தோற்கடிக்க முடியாத வாதம் பலமான வாதம் என்று நாம் நினைக்கிறோம். அது தன்னைச் சோதிக்க விடாத வாதம், அவ்வளவே. "மறுக்கிறார்கள் என்றாலே ஏதோ மறைக்கிறார்கள்" என்று குடும்பக் குழுவில் யாராவது எழுதினால், பொற்கொல்லன் உள்ளே வந்துவிட்டான் என்று அர்த்தம்.

இதற்குக் கண்ணகி கொடுத்த பதில் கண்ணீர் மட்டுமில்லை, ஒரு சோதனை. வெளியே பார்த்தால் இரண்டு சிலம்பும் ஒன்று. ஆகவே வெளித்தோற்றத்தை வைத்து எத்தனை மணி நேரம் வாதாடினாலும் முடிவு வராது. எந்த இடத்தில் இரண்டும் வேறுபடும் என்று தேடி, உள்ளே இருக்கும் பரலுக்கு அவள் போனாள். தன்னுடையதில் மாணிக்கம் என்றாள். எங்களுடையதில் முத்து என்றான் மன்னன். பிறகுதான் சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது.

இங்கே மன்னனுக்கும் ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும். உடைப்பதற்கு முன்பே, வாயைத் திறந்து, முத்து என்று சொல்லிவிட்டான். என்ன தெரிந்தால் என் முடிவு தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டான். மாணிக்கத்தைப் பார்த்த பிறகு, எங்களுடையதிலும் சில சமயம் மாணிக்கம் போடுவோம் என்று மழுப்பவில்லை. அவனால் கோவலனைத் திருப்பித் தர முடியவில்லை. சோதனை வாளுக்கு முன்னால் நடந்திருக்க வேண்டும். அதுதான் கதையின் துயரம்.

மலை, புகை, அடுக்களை

தருக்கம் கிரேக்கர்களின் சொத்து, அரிஸ்டாட்டிலோடு தொடங்கியது என்று நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டு வருகிறார்கள். அரிஸ்டாட்டில் பெரியவர், சந்தேகமில்லை. ஆனால் சிலப்பதிகாரத்தின் இரட்டைக் காப்பியமான மணிமேகலையில், 29ஆம் காதையில், ஒரு முழுத் தருக்கப் பாடம் இருக்கிறது. கோவலன் மகள் மணிமேகலை காஞ்சியில் அறவண அடிகளிடம் உட்கார்ந்து கேட்கும் பாடம் அது. பௌத்தத் தருக்க மரபு தமிழில் பேசுகிற இடம்.

அங்கே ஒரு வாதத்துக்கு ஐந்து உறுப்புகள் சொல்லப்படுகின்றன. இந்த மலையில் நெருப்பு உண்டு: இது பக்கம், அதாவது நாம் நிறுவ வந்தது. புகை இருப்பதால்: இது ஏது, காரணம். அடுக்களையைப் போல: இது திட்டாந்தம், எடுத்துக்காட்டு. இந்த மலையிலும் அப்படிப் புகை இருக்கிறது: இது உபநயம், பொருத்திக் காட்டுதல். ஆகவே இங்கே நெருப்பு உண்டு: இது நிகமனம், முடிவு.

அந்த அடுக்களைதான் எனக்குப் பிடித்த பகுதி. எல்லாருக்கும் தெரிந்த, எல்லாரும் போய்ப் பார்க்கக்கூடிய ஓர் இடத்தைக் காட்டு என்கிறது அந்த மரபு. வெறும் விதியைச் சொல்லி நகர்ந்துவிட முடியாது.

வாதம் எங்கே கெடும் என்பதையும் அந்தக் காதை வகைப்படுத்துகிறது. காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றுக்கு ஏதுப்போலி என்று பெயர். அவை மூன்று பெரும் பிரிவு. நம் ஊரை வைத்தே பார்ப்போம்.

முதலாவது, அசித்தம். காரணமே நிறுவப்படவில்லை. கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு அதிகாலையில் ஏறிப் பாருங்கள். வெண்மையாக ஏதோ எழும். பனியா, புகையா என்று தெரிவதற்கு முன்பே மலையில் தீ என்று படம் எடுத்துப் போட்டால் அது அசித்தம். மணிமேகலையே ஆவியா பனியா என்ற ஐயத்தை உதாரணமாக வைத்துத்தான் இதை விளக்குகிறது.

இரண்டாவது, அநைகாந்திகம். காரணம் உண்மைதான், ஆனால் அது பல திசைகளுக்கும் இழுக்கும். 1997, 2015, 2019 ஆண்டுகளில் புகைமூட்டம் வந்தபோது கோல சிலாங்கூரிலும் புக்கிட் பெருந்துங்கிலும் நிஜப் புகைதான் நின்றது. ஆனால் நெருப்பு பெரும்பாலும் கடலுக்கு அப்பால் சுமத்ராவில். புகை இங்கே நிற்பதால் நெருப்பும் இங்கேதான் என்றால் தவறு. மன்னனின் சிலம்புக் கணக்கும் இந்த வகைதான். சிலம்பு வைத்திருப்பவன் திருடனாகவும் இருக்கலாம், உரிமையாளனாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, விருத்தம். காரணம் எதிர் முடிவையே நிறுவிவிடும். "இந்தத் திட்டத்தில் ஆபத்தே இல்லை, மாதம் 10 விழுக்காடு தருகிறார்கள்" என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்ன காரணமே ஆபத்துக்கான சான்று. அத்தனை லாபம் உறுதியாகக் கிடைக்கும் என்றால், வங்கிகளே வரிசையில் நிற்குமே!

காகமும் முதலையும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால், முன்னது பின்னதை நடத்தியது என்று நினைப்பது மனித இயல்பு. நம் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற கதை இருக்கிறது.

1883ஆம் ஆண்டு கோல குபுவில் அணை உடைந்தது. ஊர் வெள்ளத்தில் மூழ்கியது. பலர் மாண்டார்கள், அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரி சிசில் ரேங்கிங்கும் அவர்களில் ஒருவர். உடைந்த அணையின் பெயரை அம்பாங் பெச்சா என்ற கிராமம் இன்றும் சுமக்கிறது. பிற்காலத்திலும் வெள்ளம் ஓயவில்லை. 1930 வாக்கில் ஊரையே இடம்மாற்றிப் புதிய கோல குபுவாக, கோல குபு பாருவாக, அமைத்தார்கள். வட்டாரத்தில் சொல்லப்படும் கதையோ வேறு. ஆற்றில் ஒரு வெள்ளை முதலை இருந்ததாம். அது ஆற்றின் காவல் தெய்வமாம். அந்த அதிகாரி அதைச் சுட்டாராம். அதனால்தான் அணை உடைந்ததாம்.

கதையாகக் கேட்டால் அழகு. ஆற்றை அவமதிக்காதே என்ற நல்ல புத்தியும் அதில் இருக்கிறது. காரணமாக எடுத்துக்கொண்டால்தான் சிக்கல். பழி முதலை மேல் விழுந்தவுடன் அணையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதைக் கட்டியது யார், பராமரித்தது யார், எத்தனை மழையை அது தாங்கும், ஆற்றில் மண் எப்படிச் சேர்ந்தது, ஊர் ஏன் அதற்குக் கீழே இருந்தது? 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலி அருகே முகாம் இடத்தில் மண் சரிந்து 31 பேர் இறந்தார்கள். அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படி ஒரு துயரத்துக்குப் பிறகு, நேரம் சரியில்லை என்ற பதில் நம் மனத்துக்கு ஆறுதல் தரலாம். அடுத்த மழைக்கு முன் இன்னொரு குடும்பத்தைக் காப்பாற்றுவது, சரிவையும் நீரோட்டத்தையும் அனுமதியையும் பற்றிய கேள்விகள்தான். காரணத்தைச் சரியாகத் தேடுவது அறிவுப் பயிற்சி மட்டுமில்லை. அதில் உயிர் இருக்கிறது.

அதிர்ஷ்டக் குன்று

பெருந்துங் என்றால் அதிர்ஷ்டம் வாய்த்த என்று பொருள். 1990களில் புக்கிட் பெருந்துங்கிலும் பக்கத்தில் புக்கிட் செந்தோசாவிலும் வீடு வாங்கியவர்கள் பலர் ஒரு கணக்குப் போட்டார்கள். போன வருடம் வீட்டு விலை ஏறியது, அதற்கு முந்தின வருடமும் ஏறியது, ஆகவே வரும் வருடமும் ஏறும். நெடுஞ்சாலை இருக்கிறது, தலைநகரிலிருந்து ஒரு மணி நேரம்தான். 1997இல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. வாங்கிய வீடுகள் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. சில வரிசைகளில் புல் கூரை வரை வளர்ந்தது. வாடகைக்கு ஆள் கிடைக்காமல் வங்கித் தவணையை மட்டும் கட்டிய குடும்பங்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

நடந்தவற்றைத் தொகுத்து நடக்கப்போவதைச் சொல்வது தவறில்லை. அது இல்லாமல் நாளை சூரியன் உதிக்கும் என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு உத்தரவாதம் கிடையாது என்பதை ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டில் தெளிவாகக் காட்டினார். 1912இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதற்கு ஒரு கோழியை உதாரணமாகச் சொன்னார். தினமும் தீனி போட்ட கைதான் ஒரு நாள் அதன் கழுத்தைத் திருகுகிறது. கோழியின் அனுபவத்தில் குறையில்லை. எத்தனையோ காலை நேரங்களின் சான்று அதனிடம் இருந்தது. தீனி ஏன் போடப்படுகிறது என்பதுதான் அதற்குத் தெரியவில்லை.

மூன்று மாதமாகச் சொன்ன தேதியில் பணம் வந்துவிட்டது என்று ஒருவர் உங்களிடம் திட்டம் ஒன்றை நீட்டினால், எத்தனை மாதம் வந்தது என்று கேட்காதீர்கள். ஏன் வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பின்னால் சேர்ந்தவரின் பணம்தான் முன்னால் சேர்ந்தவருக்கு வருகிறது என்றால், நாம் கோழியின் இடத்தில் இருக்கிறோம்.

இதே கேள்வியைத் தமிழ்ப்பள்ளிப் பேச்சிலும் கேட்கலாம். "தமிழ்ப்பள்ளியில் படித்த எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் தேறவில்லை" என்பார் ஒருவர். "தமிழ்ப்பள்ளியில் படித்த என் மச்சான் மருத்துவர்" என்பார் மற்றவர். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கும்போது, ஒரு பையனும் ஒரு மச்சானும் எதையும் நிறுவமாட்டார்கள். நீங்கள் சேர்க்க நினைக்கும் அந்தப் பள்ளியில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவர்கள், உங்கள் பிள்ளைக்கு என்ன தேவை என்று பார்ப்பதுதான் சிலம்பை உடைப்பது.

இருப்பதும் இருக்க வேண்டியதும்

இதுவரை எது உண்மை என்ற கேள்வி. எது சரி என்பது வேறு கேள்வி. ஹியூம்தான் இந்த இடைவெளியையும் சுட்டிக் காட்டினார். இது இப்படி இருக்கிறது என்று பேசிக்கொண்டே வருவோம். திடீரென்று, ஆகவே இப்படி இருக்க வேண்டும் என்று முடிப்போம். நடுவில் ஒரு படி காணாமல் போயிருக்கும். "அந்தக் காலத்திலிருந்து பெண்கள்தான் சமைக்கிறார்கள், ஆகவே பெண்கள்தான் சமைக்க வேண்டும்" என்பது அந்தக் காணாமல் போன படிதான். நடந்து வந்ததாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

நமக்கு மிக அருகில் ஒரு வழக்கு இருக்கிறது. ஹுலு சிலாங்கூரில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்று ஐந்து தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாக மரம் வெட்டிய குடும்பங்கள் அங்கே லயங்களில் வாழ்ந்தன. 1990களில் நிலம் கைமாறி, தோட்டம் தோட்டமாக இல்லாமல் போனபோது, வேலையோடு வீடும் கேள்விக்குறியானது. சொந்த வீட்டுக்கான அவர்களின் காத்திருப்பு கால் நூற்றாண்டுக்கும் மேல் நீண்டது. அண்மைய ஆண்டுகளில்தான் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 245 வீடுகள் கட்டித் தரும் திட்டம் வந்தது.

"நிலம் சட்டப்படி கம்பெனியுடையது, ஆகவே தொழிலாளிக்கு எதுவும் தர வேண்டியதில்லை." இந்த வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறோம். முதல் பாதி சட்டம் பற்றிய உண்மை. இரண்டாவது பாதி அறம் பற்றிய தீர்ப்பு. நடுவில், சட்டம் கேட்காததை அறமும் கேட்காது என்று ஒரு படி ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்து வைத்தால், அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஆள் குறைவு.

அறவியலில் மூன்று பெரிய பாதைகள் உண்டு. இந்த வழக்கையே மூன்றிலும் நடத்திப் பார்க்கலாம்.

முதல் பாதை விளைவைப் பார்க்கும். ஜெரமி பெந்தாமும் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் சொன்னது: எது அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதுவே சரி. புதிய நகரம் வந்தால் ஆயிரக்கணக்கானோருக்கு வீடு, வேலை, சாலை. சில நூறு குடும்பங்களின் இழப்பு அதில் சிறிய எண். இந்தப் பாதையின் பலம், எல்லாருடைய நன்மையையும் தராசில் வைக்கிறது. பலவீனம், சிறிய எண்ணாக எப்போதும் ஒரே மக்களே வந்து நிற்கும்போது அது வாய் திறப்பதில்லை.

இரண்டாவது பாதை கடமையைப் பார்க்கும். ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் கான்ட் 1785இல் எழுதியது: எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே. மரம் இருக்கும்வரை வெட்ட வைத்து, மரம் போனதும் ஆளையும் கழித்துவிடுவது கருவியாக நடத்துவதுதான். கொடுத்த வாக்கு லாபம் குறைந்தாலும் வாக்குத்தான். இந்தப் பாதையின் சிக்கல் பிறகு வருகிறது.

மூன்றாவது பாதை குணத்தைப் பார்க்கும். இப்படிச் செய்தால் நாம் எப்படிப்பட்டவர்களாக ஆவோம் என்று கேட்கும். அரிஸ்டாட்டிலின் பாதை, நம் அற நூல்கள் பெரும்பாலும் நடக்கும் பாதையும் இதுதான். அந்த ஐந்து தோட்டச் செய்தியைப் படித்துவிட்டு, "எங்கள் தாத்தா அப்போதே வெளியே வந்துவிட்டார்" என்று பெருமூச்சோடு அடுத்த செய்திக்குப் போகும் பழக்கம் நமக்குள் என்ன வளர்க்கிறது என்று அது கேட்கும்.

மூன்றும் முட்டிக்கொண்டால்? 1971இல் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் ஒரு வழி சொன்னார். சமூகத்தில் நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாமல் விதிகளை எழுது. புதிய வீட்டின் சாவியை வாங்குபவராகப் பிறக்கலாம், அந்த இடத்தில் 40 ஆண்டு மரம் வெட்டிய கிழவியாகவும் பிறக்கலாம். தெரியாமல் எழுதச் சொன்னால், அந்தக் கிழவிக்கு ஒரு கூரை இல்லாத விதியை எத்தனை பேர் எழுதுவோம்?

உண்மை சொல்வதா, வேண்டாமா?

கான்ட்டின் சிக்கலுக்கு வருவோம். 1797இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். உங்கள் நண்பன் உங்கள் வீட்டில் ஒளிந்திருக்கிறான். கொலைகாரன் வாசலில் வந்து, உள்ளே இருக்கிறானா என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்றார் கான்ட்.

திருவள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. வாய்மை அதிகாரத்தின் முதல் குறளிலேயே, தீங்கு தராத சொல்லே வாய்மை என்று வரையறுக்கிறார். அடுத்ததில், குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார். அப்பாவின் நோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொன்னதை அவரிடம் சொல்வதா என்று தவிக்கும் பிள்ளைகள் பலர் இந்தக் குறளைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள்.

ஆனால் நிதானமாகப் படிக்க வேண்டும். வள்ளுவர் நன்மை என்று மட்டும் சொல்லி விடவில்லை, குற்றமற்ற நன்மை என்கிறார். அந்தச் சொல்தான் பூட்டு. பொய் யாருடைய நன்மைக்கு? அப்பா அழுவதைப் பார்க்க நமக்குத் தைரியம் இல்லை என்பதற்காக மறைத்தால், அது நம் நன்மை. சொத்து எழுத வேண்டுமா, ஊருக்குப் போய் அக்காவைப் பார்க்க வேண்டுமா, யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டுமா என்று முடிவெடுக்கும் உரிமை அவருடையது. அதைப் பறித்த நன்மையைக் குற்றமற்றது என்று சொல்ல முடியுமா? கொலைகாரனிடம் சொல்லும் பொய்யில் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை. இரண்டும் பொய்தான், ஆனால் ஒரே பொய் இல்லை. என் கருத்தில், நோயாளி கேட்டால் சொல்ல வேண்டும்; கேட்காவிட்டால், தெரிந்துகொள்ள விருப்பமா என்று முதலில் கேட்க வேண்டும். நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். காரணத்தோடு வந்தால் போதும்.

கண்ணகிக்கும் ஒரு கேள்வி

கோவலன் வழக்கை முடிக்காமல் விட்டால் நியாயமில்லை. மன்னன் உண்மை தெரிந்ததும் தானே கள்வன் என்று சொல்லி அரியணையிலேயே உயிர் விட்டான். கண்ணகி அதோடு நிற்கவில்லை, மதுரையை எரித்தாள். முதியோர், குழந்தைகள், நல்லோர் போன்றோரை விட்டுவிடு என்று தீக்கடவுளிடம் சொன்னதாகக் காப்பியம் சொல்கிறது. அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, ஓர் ஊர் முழுவதையும் தண்டிப்பது தவறு என்று அந்தக் கதைக்கும் தெரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

ஒருவன் செய்ததற்கு அவன் ஊரை, அவன் இனத்தை, அவன் குடும்பத்தைப் பொறுப்பாக்குவது மன்னனின் அதே கணக்குத்தான். மன்னன் ஒரு சிலம்பிலிருந்து ஒரு மனிதனுக்குத் தாவினான். கோபம் ஒரு மனிதனிலிருந்து ஓர் ஊருக்குத் தாவுகிறது. அநியாயம் இழைக்கப்பட்டவருக்கு அந்தக் கோபம் வருவது புரியக்கூடியது. புரியக்கூடியது என்பதும் சரியானது என்பதும் ஒன்றில்லை.

இந்த வாரம் வீட்டில் செய்து பார்க்க ஒன்று. சாப்பாட்டு மேசையில் ஏதாவது ஒரு விஷயத்தில் கருத்து மோதினால், ஒவ்வொருவரும் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சொல்ல வேண்டும்: "இன்னது தெரிந்தால் நான் என் முடிவை மாற்றிக்கொள்வேன்." அம்மாவும் சொல்லட்டும், அப்பாவும் சொல்லட்டும், எஸ்.பி.எம். படிக்கும் பிள்ளையும் சொல்லட்டும். யாராவது அந்த வாக்கியத்தை முடிக்க முடியாமல் தடுமாறினால், சண்டை வேண்டாம். சோற்றைப் பரிமாறிவிட்டு அவருக்கு நேரம் கொடுங்கள். அந்த வாக்கியத்தைச் சொல்ல நெடுஞ்செழியனுக்கே ஒரு கண்ணகி வர வேண்டியிருந்தது.

அடுத்த வாரம் சந்திப்போம்.